அப்பாவிடம் படித்தவர்கள்

ஏப்ரல் 30, 2025

துக்கம் கேட்க இன்றும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. அப்பாவிடம் நர்சிங் படித்தவர்கள். நைட் டூட்டி முடித்து யூனிபார்மோடு நேராக வந்த ஒரு அக்கா, அம்மாவின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "மூச்சு எண்ணக் கத்துக்கொடுத்தது சார்தாம்மா" என்றார்.

நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கக் கூடாதாம். இன்னும் நாடிதான் பார்க்கிறார்கள் என்று நோயாளி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனிக்க வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் அதன் போக்கே மாறிவிடும். முழுசாக ஒரு நிமிஷம். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கி எழுதினால், அப்பா திரும்ப வார்டுக்கே அனுப்பிவிடுவாராம்.

மே 3

எங்களுக்கும் அவர் டியூட்டர்தான். அப்பாயி பக்கவாதத்தில் விழுந்தபோது நானும் அண்ணனும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்று சுவரில் அட்டவணை ஒட்டினார். அதில் எங்கள் பெயரும் இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. உள்ளங்கையால் நீவிக் காட்டுவார். தொடுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்: "அப்பாயி, இடது பக்கம் திருப்பப் போறோம்." அவருக்குப் பேச்சு நின்று மாதக்கணக்காகியிருந்தது. "பதில் வராட்டி என்ன? அவங்க உடம்பு, அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் தொடணும்" என்பார். கடைசிவரை அப்பாயிக்கு முதுகில் புண் வரவில்லை. பெட்பேனை அப்பாதான் கழுவுவார், வேறு யாரையும் விட்டதில்லை.

மே 7

அப்பா பெண் பார்க்க வந்தபோது "ஆம்பிளை நர்ஸா?" என்று அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, எழுந்தே போய்விட்டாராம். அதே தாத்தா பிற்பாடு சர்க்கரை ஊசி போட்டுக்கொள்ள மாப்பிள்ளையைத் தவிர யாரிடமும் கையை நீட்டியதில்லை. அம்மா இதைச் சொல்லிச் சிரித்தார். இத்தனை நாளில் இன்றுதான் அவர் சிரித்துப் பார்க்கிறேன்.

மே 12

செவிலியர் தினம். விளக்கேந்திய சீமாட்டி என்பதோடு நைட்டிங்கேலை நிறுத்திவிடுவது அப்பாவுக்குப் பிடிக்காது. கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் செத்த சிப்பாய்களே அதிகம் என்று 1858-ல் அவர் காட்டிய வரைபடத்தைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் போடுவார். "கருணை இருந்தா போதாது, கணக்கும் வேணும்." அடுத்து வேலூருக்கு வந்துவிடுவார். 1909-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே செவிலியர் பள்ளி ஆரம்பித்தது, 1946-ல் அது பட்டப்படிப்பானது. செவிலியர் என்றால் ஏவின வேலையைச் செய்கிற ஆள் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு வருஷங்களையும் சொல்வார். எனக்கும் அந்த நினைப்பைக் கேட்டால் இன்றும் கோபம் வருகிறது.

மே 15

அவரிடம் படித்து, இப்போது டியூட்டராகப் போகிற தம்பி ஒருவர் நோட்டுகளைக் கேட்டு வந்தார். பொட்டாசியம் குளோரைடு என்ற ஊசிமருந்தைப் பற்றிய பக்கத்தில் மட்டும் சிவப்பு மை: "நேராக நரம்பில் ஏற்றாதே. இதயம் நின்றுவிடும். கலந்து, மெதுவாக. இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்." அந்தத் தம்பி நின்றபடியே அதை இரண்டு முறை படித்தார். அசலைத் தரமாட்டேன் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தான். "பூட்டி வைக்கவா அவர் எழுதினார்? எடுத்துட்டுப் போகட்டும்" என்று அம்மா பையை எடுத்துக் கொடுத்தார். போகும் முன் அந்தத் தம்பி அம்மாவுக்குப் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் அதிகம்தான். நாளைக் காலையில் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.