காலை அஞ்சேகால் முதல் ஆறு வரை

காலையில் சீக்கிரம் எழுவதைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு மதியச் சாப்பாட்டை வேறு யாரோ கட்டிக் கொடுக்கிறார்கள் என்பது என் பலநாள் சந்தேகம். எழுந்ததும் தியானம், அப்புறம் டைரி, அப்புறம் அரை மணி நேரம் புத்தகம், அப்புறம் ஜில்லென்று ஒரு குளியல் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். பால் பாக்கெட்டை யார் எடுத்து வைத்தார்கள், மாவு பொங்கி வழிந்திருக்கிறதா, இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற நாளா என்று ஒருத்தரும் சொல்வதில்லை. நான் வீட்டிலிருந்தே சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்து ஜிஎஸ்டி ரிட்டன் போட்டுக் கொடுக்கிறேன். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே அத்தை, மதுரையில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு. இதற்குள் எனக்கு எது ஒத்துவந்ததோ அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ராத்திரி. தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிச் சொல்லியே இந்த ஊரில் யாரும் நேரத்துக்குப் படுப்பதில்லை. பதினோரு மணிக்கும் தெருமுனையில் கொத்துப் பரோட்டா சத்தம் கேட்கும், வெயில் காலமென்றால் ஜிகர்தண்டா கடையில் கூட்டம் நிற்கும். பன்னிரண்டுக்குப் படுத்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைப்பது சுறுசுறுப்பில் சேராது, மறுநாள் மத்தியானத்தை அடகு வைப்பதில்தான் சேரும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியென்றால் ஐந்துக்கு எழுகிறவர் பத்துக்குள் தூங்கியிருக்க வேண்டும், இதில் குறுக்குவழி எதுவும் கிடையாது. அத்தைக்கு ஒன்பதரை வரை சீரியல் உண்டு, அதில் நான் தலையிடுவதில்லை. அவரும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்வார்.

படுப்பதற்கு முன் செய்வது ஒன்றுதான். நாளைக்குக் காலையில் உட்கார்ந்ததும் எந்த வேலையைத் தொடுவது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி லேப்டாப்பின் மேலேயே வைத்துவிடுவேன். ஒரே ஒரு வேலை. "கணக்கு பார்க்க வேண்டும்" என்று எழுதினால் பிரயோசனமில்லை, "ஹார்டுவேர் கடை, போன மாத கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒத்துப் பார்க்க" என்று எழுத வேண்டும் (கடைக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் கொடுக்கிற பட்டியல்தான் 2பி). அந்த பில் கட்டையும் பக்கத்திலேயே எடுத்து வைத்துவிடுவேன். தூக்கம் கலைந்து எழுந்த உடனே மூளை முழுசாக விழித்துவிடுவதில்லை, கால் மணியிலிருந்து அரை மணி வரை, சில நாள் அதற்கு மேலும், ஒரு மந்தம் இருக்கும், அது இயல்புதான். அந்த மந்தத்தோடு உட்கார்ந்து இன்றைக்கு எதைச் செய்யலாம் என்று யோசித்தால் கை நேராக போனுக்குத்தான் போகும். முன்பே முடிவு பண்ணி வைத்துவிட்டால் யோசிக்கிற வேலை இல்லை, உட்கார்ந்து ஆரம்பித்துவிடலாம், ஆரம்பித்த பிறகு மந்தம் தானாக விலகும்.

காலை அஞ்சேகாலிலிருந்து ஆறு வரை வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. முக்கால் மணி நேரம்தான், ஆனால் பகலில் இரண்டு மணி நேரம் எடுக்கிற ஒத்துப்பார்க்கும் வேலை அதில் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் பில் எண்ணைப் பாதி படிக்கும்போது "அக்கா, அந்த ரிட்டன் போட்டாச்சா" என்று போன் வராது. மாதத்தில் 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரிக்கணக்கைச் சுருக்கமாகக் காட்டுகிற 3பி, இந்த இரண்டு தேதியும் நெருங்க நெருங்கப் பத்து மணிக்கு மேல் என் நேரம் என் கையில் இருக்காது. அப்புறம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாளிலும் வழக்கமாக ஒன்பது மணிக்குத்தான் நிறுத்துவார்கள், அதனால் விடியற்காலை வேலைக்கு அந்தத் தொந்தரவும் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் பதினோரு மணிக்கு மேல் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தவர்களுக்கு மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை. மதுரையில் மூளை நன்றாக ஓடுகிற நேரம் வெயிலுக்கு முன்னாடிதான்.

போன் ஹாலில் சார்ஜில் கிடக்கும். அலாரத்துக்கு டைம்பீஸ் வாங்கினேன், பெட்டிக்கடையில் கூடக் கிடைக்கிற சாதாரண டைம்பீஸ். சொந்தக்காரர்கள் குரூப்பில் வருகிற ரோஜாப்பூ "இனிய காலை வணக்கம்" படங்கள் எல்லாம் எட்டு மணி வரை காத்திருக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

ஆறு மணிக்கு வேலையை விட்டு எழுந்து வெளியே வந்துவிடுவேன். வாசல் தெளித்துக் கோலம் போடுவதை வெறும் வீட்டு வேலையாகத்தான் முன்பெல்லாம் நினைப்பது, இப்போது அதுதான் எனக்கு முக்கியமான காலைப் பழக்கம். காரணம் வெளிச்சம். கண்ணுக்குள் விழும் காலை வெளிச்சம் மூளையில் இருக்கிற உடல் கடிகாரத்துக்குப் பகல் தொடங்கிவிட்டது என்று சொல்கிறது, ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வரும் என்பதும் அதை வைத்தே ஓடுகிறது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். மேகம் மூடிய நாளில் கூட வெளியே இருக்கிற வெளிச்சம் ட்யூப் லைட் எரிகிற அறையைவிடப் பல மடங்கு அதிகம், நம் கண்ணுக்குத்தான் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. குளிர்நாடுகளில் இருப்பவர்கள் மாதக்கணக்காக இருட்டில் எழுந்து இதற்காகவே விளக்கு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. ஜூன் மாதத்தில் ஆறு மணியை ஒட்டியும் ஜனவரிக் கடைசியில் ஆறே முக்காலுக்கு முன்னாலும் மதுரையில் சூரியன் உதித்துவிடும், வருஷம் முழுக்க முக்கால் மணிக்குமேல் வித்தியாசம் கிடையாது. வாசல் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் துணி உலர்த்தினாலே போதும்.

என் வீட்டுக்காரர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போவார். இரண்டு சுற்று நடக்கிறார், மூன்று சுற்றுக்கு அரசியல் பேசுகிறார், ஆனால் திரும்பும்போது தூக்குவாளியில் பருத்திப்பால் வருகிறது என்பதால் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ஒரு ஒப்பந்தம் உண்டு. தண்ணீர் வருகிற நாளில் நடை கிடையாது, குடம், டிரம் எல்லாம் நிரப்புவது அவர் பொறுப்பு. "ஏங்க, தண்ணி வந்துருச்சு" என்று நான் ஒரு குரல் கொடுக்கிற வரை அவர் ஞாபகப்படுத்திக்கொள்வதில்லை, அது வேறு கதை. காய் நறுக்குவதை ராத்திரியே முடித்துவிடுவதும், கிழமைக்கு இன்ன டிபன் என்று பிள்ளைகளையே வைத்து எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியதும் வேறு எந்தப் பழக்கத்தைவிடவும் அதிக நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கின்றன. பொங்கல், வடை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு. வேலை நாளில் அதைச் சாப்பிட்டுவிட்டு யாராலும் லெட்ஜர் பார்க்க முடியாது.

காபி பற்றிக் கேட்பார்கள். எழுந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது, நான் அதைக் கண்டுகொள்வதில்லை, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உடனே காபிதான். கவனிக்க வேண்டியது சாயங்காலக் காபியை. காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருக்கும். ஐந்து மணிக்கு வடையோடு குடித்த காபியில் பாதி பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும், அப்புறம் தூக்கம் வரவில்லை என்று போனை எடுத்தால் மறுநாள் காலையும் சேர்ந்து போகும். எனக்கு மூன்று மணிக்கு மேல் சுக்குமல்லிதான்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசைக்காக எப்படியும் சீக்கிரம் எழுந்தாக வேண்டியிருப்பதால் எழும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது சித்திரைத் திருவிழாவில்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்தில் ராத்திரி எது, பகல் எது என்று இந்த ஊருக்கே தெரியாது, வீடு நிறைய விருந்தாளிகள், நானும் ஊருக்குள் வருகிற அழகரை வரவேற்கிற எதிர்சேவையைப் பார்க்கப் போய்விடுவேன். அந்த மாத ரிட்டனை மட்டும் முன்கூட்டியே முடித்து அனுப்பிவிட்டு டைம்பீஸை அலமாரிக்குள் போட்டுவிடுவேன்.