க்னூஸ் எந்தக் குழுவை விசாரிக்கிறது?

கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22 முதல் புதிய யூஸ்நெட் (தலைப்புவாரியான குழுக்களில் செய்திகளை இட்டு விவாதிக்கும் பழைய இணைய வலையமைப்பு) பதிவுகளைத் தருவதை நிறுத்திவிட்டது. இனி அவற்றைப் படிக்கப் பொதுவாகத் தனி நிரலும், செய்திகளைத் தரும் ஒரு செய்தி சர்வரும் வேண்டும். ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பி எப்போதும் திறந்தே கிடக்கிற ஆள் நான் என்பதால் அதற்குள்ளேயே ஓடும் க்னூஸைத் தேர்ந்துகொண்டேன். மசனோபு உமேதா எழுதிய நிரலை லார்ஸ் மேக்னே இங்கெப்ரிக்ட்சன் அடியோடு மாற்றி எழுதியது அது. ஆற்றல் மிக்கது, கையேடும் அதற்கேற்பப் பருமன்.

தொல்லை திறக்கும்போதுதான். புதிய செய்தி உண்டா என்று க்னூஸ் சர்வரிடம் கேட்டு முடிக்கும்வரை ஈமேக்ஸ் முழுவதும் அசையாமல் நிற்கும். நான் சந்தா வைத்திருந்த குழுக்களோ மிகக் குறைவு. அவ்வளவுக்கு இத்தனை நேரமா என்ற எரிச்சலில், சர்வருக்குப் போகும் கட்டளைகளைப் பதிவு செய்யும் 'என்என்டிபி-ரெகார்ட்-கமாண்ட்ஸ்' என்ற அமைப்பை இயக்கிவைத்தேன். வேகம் குறைந்த நிரல் எதையும் சந்தேகிக்கும் முன் அது என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்பது நல்லது. பதிவைப் பார்த்தால், சந்தாவை விலக்கி மறந்தே போன குழுக்களின் பெயர்களும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

காரணம் கையேட்டிலேயே இருந்தது. க்னூஸ் ஒவ்வொரு குழுவுக்கும் 1 முதல் 9 வரை ஒரு நிலை எண் தருகிறது. 1 முதல் 5 வரை சந்தா உள்ளவை; 6, 7 சந்தா விலக்கியவை; 8 'ஸோம்பி', அதாவது புதிதாக வந்து இன்னும் முடிவாகாதவை; 9 கொல்லப்பட்டவை, அதாவது வேண்டாமென்று ஒதுக்கியவை. எவற்றை விசாரிப்பது என்று முடிவு செய்வது 'க்னூஸ்-ஆக்டிவேட்-லெவல்'. அந்த எண்ணும் அதற்குக் கீழும் உள்ள குழுக்களைப் பற்றித்தான் சர்வரிடம் கேட்கும். அதன் இயல்பு மதிப்பு 6. சந்தாவை விலக்கும் குழுவும் வழக்கமாக 6-இல்தான் போய் உட்காரும். ஆகவே பட்டியலில் கண்ணில் படாத குழுவைப் பற்றியும் விசாரணை தவறாமல் நடக்கிறது. காட்டுவது வேறு, கேட்பது வேறு. இந்த ஏற்பாட்டை யார் இயல்பாக வைத்தார்களோ, அவர்களிடம் வேகமான இணைப்பு இருந்திருக்க வேண்டும்.

மதிப்பை 5 ஆக்கியதும் பதிவில் அந்தப் பெயர்கள் மறைந்தன. பிறகு 'எஸ் எல்' தட்டி நிலைகளைப் பிரித்தேன்: தினமும் பார்ப்பவை 1, ஓய்வில் படிக்கும் காம்ப்.லேங்.சி போன்றவை 3. காலையில் '1 ஜி' என்று தட்டினால் முதல் நிலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறது. பழைய பாசத்துக்காக விட்டுவைத்த சோக்.கல்சர்.தமிழ் 7-க்குப் போய்விட்டது. சந்தா விலக்கியவற்றையும் சேர்த்துப் பட்டியலிடும் பெரிய 'எல்' தட்டினால் எண்ணிக்கை வர வேண்டிய இடத்தில் அதற்கு நட்சத்திரக் குறி நிற்கும். இந்தக் குழுவை இன்னும் விசாரிக்கவில்லை என்று பொருள். ஆவல் எழும் நாளில் 'மெட்டா-ஜி' தட்டினால் அந்த ஒன்றை மட்டும் கேட்டுச் சொல்லும்.

கேட்கும் விதத்திலும் தேர்வு உண்டு. 'க்னூஸ்-ரீட்-ஆக்டிவ்-ஃபைல்' என்பதன் மதிப்பு 'நில்' (இல்லை) என்று இருந்தால் ஒரு குழுவைக் கேட்டு, பதில் வந்த பிறகே அடுத்த குழுவைக் கேட்கும். 'சம்' என்று இருந்தால் தேவையான குழுக்களுக்கான கேள்விகளையெல்லாம் தொடர்ந்து அனுப்பிவிட்டுப் பதில்களை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். 'டி' என்றால் சர்வரில் உள்ள அத்தனை குழுக்களின் பட்டியலையும் இறக்கும். கைவிரல் எண்ணிக்கையில் குழு வைத்திருப்பவருக்கு அது வீண். எனக்கு 'சம்' போதும்.

சர்வர் சொல்வது என்னவோ அந்தக் குழுவின் முதல், கடைசிச் செய்தி எண்களைத்தான். படித்து முடித்த எண்கள் நம்மிடமே கோப்பில் இருக்கின்றன. இரண்டையும் கழித்து 'படிக்காதவை இத்தனை' என்று க்னூஸ் மதிப்பிடுகிறது. நடுவில் சில செய்திகள் நீக்கப்பட்டிருப்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. அதனால் பட்டியலில் பெரிதாகத் தெரியும் எண், குழுவைத் திறந்ததும் சுருங்குவது இயல்பு. முதலில் செய்திகள் தொலைந்துவிட்டனவோ என்று தேடியிருக்கிறேன்.

முதன்மை, துணை சர்வர் பட்டியலில் சேர்க்காமல் வேறு சர்வரிலிருந்து ஒற்றைக் குழுவாக இழுத்து வைத்திருப்பவை 'அயல்' குழுக்கள். அவற்றுக்கு 'க்னூஸ்-ஆக்டிவேட்-ஃபாரின்-நியூஸ்குரூப்ஸ்' என்று தனி நிலை வரம்பு; அதற்கு மேல் நிலை எண் உள்ள அயல் குழுவைத் திறக்கும்போது விசாரிக்காது. சந்தா இருந்தும் ஓர் அயல் குழு நட்சத்திரத்தோடு நின்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் குழுவின் நிலையை 2 ஆக்கியது எனக்குப் போதுமானதாக இருந்தது.

புதிதாகத் தொடங்கப்பட்ட குழுக்கள் உண்டா என்று கேட்பது தனிக் கதை. கடைசியாகக் கேட்ட தேதிக்குப் பின் முளைத்தவற்றைச் சர்வர் சொல்லும்; க்னூஸ் அவற்றை ஸோம்பி நிலையில் போட்டுவைக்கும். அவ்வப்போது 'ஏ இசட்' தட்டி எட்டிப் பார்க்கிறேன். வேண்டியது எதுவும் இல்லையென்றால் 'எஸ் இசட்' தட்டி மொத்தமாகக் கொன்றுவிடுகிறேன்.