மாமன் கடையா, மருமகன் கடையா

நான் நியூ ஹேவனை ஒட்டிய ஹாம்டனில் குடியிருக்கிறேன் என்று தெரிந்ததும், அமெரிக்காவின் கனெக்டிகட் பக்கம் வருகிற நண்பர்கள் யேல் பல்கலைக்கழகத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே எந்தக் கடையில் பீட்சா சாப்பிட வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். இதே கேள்வியை என் அலுவலகத்தில் உரக்கக் கேட்டால் அன்றைய உணவு இடைவேளை முழுவதும் அதிலேயே போய்விடும். ஒருவர் பெப்பே என்பார், அடுத்தவர் சாலீஸ் என்பார், இந்த இரண்டு பெயர்களையும் கேட்டுக் கேட்டுச் சலித்த மூன்றாமவர் மாடர்ன் என்பார். மூவருமே இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள். எந்தக் கடை என்பதை அவர்களுக்கு அவர்களுடைய தாத்தாமார் முடிவுசெய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சண்டையின் வேர் ஒரே குடும்பத்தில் இருக்கிறது. இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் உள்ள மயோரியில் பிறந்த ஃபிராங்க் பெப்பே, இத்தாலியத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த ஊஸ்டர் தெருவில் 1925ஆம் ஆண்டு கடை தொடங்கினார். 1938இல் அவருடைய சகோதரியின் மகன் சால்வத்தோரே கொன்சீலியோவின் சாலீஸ் அதே தெருவில் சில நிமிட நடைத் தொலைவில் திறக்கப்பட்டது. ஆக, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக இந்த ஊர் மாமன் பக்கமா மருமகன் பக்கமா என்று பிரிந்து நிற்கிறது. 1934இல் தோன்றிய மாடர்ன் இந்தக் குடும்பக் கணக்கில் சேராமல் ஸ்டேட் தெருவில் தனியாக இருக்கிறது.

மூன்று கடைகளுக்கும் பொதுவானவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே பீட்சாவை 'அபிட்சா' என்று எழுதுவார்கள். நேப்பிள்ஸ் வட்டார வழக்கை ஒட்டி 'அபீட்ஸ்' என்று உச்சரிப்பார்கள். மாவு மெல்லியதாக இருக்கும்; வட்டமாகவும் இல்லாமல் நீள்வட்டமாகவும் இல்லாமல், துடுப்பிலிருந்து அடுப்புக்குள் சறுக்கும்போது என்ன வடிவம் அமைந்ததோ அந்த வடிவத்தில், காகிதம் விரித்த தட்டில் வந்து சேரும். வெறும் பீட்சா கேட்டால் தக்காளிச் சாறும் துருவிய பாலாடைக்கட்டியும் மட்டுமே இருக்கும். மொட்ஸரெல்லா என்னும் மென்மையான பாலாடைக்கட்டி வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பெப்பேயும் சாலீஸும் நிலக்கரி அடுப்பில் சுடுகின்றன, மாடர்ன் எண்ணெயால் எரியும் அடுப்பில் சுடுகிறது. அந்தச் சூட்டில் விளிம்பும் அடிப்பாகமும் ஆங்காங்கே கருத்துப்போகும்.

அந்தக் கருமைதான் எங்கள் வீட்டில் முதல் கருத்து வேறுபாட்டைக் கொண்டுவந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா, முதல் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அடியில் ஒட்டியிருந்த கரியைக் கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டித் தட்டோரம் குவித்தார். "ஏ, இம்புட்டுப் பேரும் வரிசையில நிக்கது இந்தக் கருகலுக்கா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. தோசை கருகினால் அதை மாவு ஊற்றியவரின் பிழையாகவே பார்த்துப் பழகிய வீட்டில், கருகலை ஒரு சுவையாக ஒப்புக்கொள்ள எனக்கே இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இன்றைக்கு அந்த மெல்லிய கசப்பு இல்லாமல் தக்காளியின் இனிப்பு எனக்கு நிறைவளிப்பதில்லை. அம்மா மட்டும் மனம் மாறவில்லை.

அடுத்த சண்டையை மூட்டியவர் நியூ ஜெர்சியில் வசிக்கும் என் மைத்துனர். 2024 மே மாதத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ரோசா டிலாரோ, அமெரிக்காவின் பீட்சா தலைநகரம் நியூ ஹேவன் என்று நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏற்றியதைப் படித்துவிட்டு, நியூயார்க்கை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று தொலைபேசியில் சிரித்தார். வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள் என்றேன். ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் ஊஸ்டர் தெருவில் இரண்டு கடைகளிலும் தக்காளியும் மொட்ஸரெல்லாவும் மட்டும் போட்ட பீட்சாவை வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் மாடர்னில் அதே வகையில் ஒன்றை வாங்கி வந்தோம். பெயர் தெரியாதபடி பெட்டிகளை மாற்றி எண் போட்டு, வீட்டில் ஆறு பேரிடம் வாக்கெடுப்பு நடத்தினோம். மூன்றாம் எண் நான்கு வாக்குகள் பெற்றது. அது மாடர்ன். நான் சாலீஸ் கட்சிக்காரன் என்பதால் அன்று இரவு கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் படுத்தேன்.

விடிந்த பிறகுதான் எங்கள் மடத்தனம் உறைத்தது. மாடர்ன் பெட்டி கடைசியாகக் காரில் ஏறியது. அது அட்டைக்குள் இருந்தது பத்து நிமிடம். மற்ற இரண்டும் அரை மணி நேரத்துக்கு மேல் தம் ஆவியிலேயே புழுங்கிக்கொண்டிருந்தன. இவ்வளவு மெல்லிய மாவு அட்டைப் பெட்டிக்குள் சீக்கிரமே துவண்டுவிடும். மொறுமொறுப்பும் கருகல் வாசனையும் போனபின் எஞ்சுவது ஈரமான ரொட்டிதான். நாங்கள் பெட்டிக்குள் கழிந்த நேரத்துக்கு வாக்களித்துவிட்டு அதைக் கடைகளின் தரவரிசை என்று எழுதி வைத்திருந்தோம். எங்கள் அலுவலகச் சண்டைகளிலும் பாதி இப்படிப்பட்டவையே என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே பெப்பேயைத் திட்டுகிறவர் வெள்ளிக்கிழமை இரவில் முக்கால் மணி நேரத் தொலைவுக்குப் பெட்டியை எடுத்துச் செல்கிறவர்.

அதன் பிறகு அடுத்தடுத்த வாரங்களில் மூன்று கடைகளிலும் உட்கார்ந்தே சாப்பிட்டோம். கடைகளை ஒரே பீட்சாவைக் கொண்டு அளக்கலாம் என்ற என் எண்ணமும் அதில் கலைந்தது. பெப்பேயில் வெள்ளை மட்டிப் பீட்சாவைக் கேட்க வேண்டும். தக்காளிச் சாறு கிடையாது, மொட்ஸரெல்லா கிடையாது. மட்டி எனப்படும் சிறு சிப்பியின் சதை, பூண்டு, ஆரிகனோ, ஆலிவ் எண்ணெய், பெக்கோரினோ என்னும் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியின் துருவல், அவ்வளவுதான். தட்டு வந்தவுடன் எழும் பூண்டு மணத்தில், மட்டியிலிருந்து கசிந்த உப்பு நீர் மாவில் ஊறி விளிம்புக்கு வருவதற்குள் முதல் துண்டை எடுத்துவிட வேண்டும். சாலீஸில் மொட்ஸரெல்லா இல்லாத தக்காளிப் பீட்சாவுக்கு இணையாக இந்த ஊரில் வேறொன்றை நான் காணவில்லை. மாடர்னில் பன்றி இறைச்சி வகைகளும் காளானும் வெங்காயமும் குடைமிளகாயும் பூண்டும் குவிந்த 'இத்தாலியன் பாம்' இருக்கிறது. அவ்வளவு பாரத்தைத் தாங்கியும் அடிமாவு தளராதது என்னை வியக்க வைத்தது.

சைவ நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: பெக்கோரினோ ரொமானோவை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே உறைய வைக்கிறார்கள். தக்காளிப் பீட்சாவாயிற்றே என்று நம்பிவிடாமல், துருவல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மைத்துனர் முழுதாகத் தோற்றுவிடவில்லை. நடந்துகொண்டே மடித்துத் தின்ன முடியாத பீட்சாவைத் தலைநகரப் பீட்சா என்று ஏற்க முடியாது என்கிறார். கையில் ஒற்றைத் துண்டோடு வேலைக்கு ஓடுகிற நியூயார்க்காரருக்கு அது நியாயமான வாதம்தான். ஆனால் சென்ற மாதம் வந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஊஸ்டர் தெருவுக்குப் போய் மட்டிப் பீட்சா ஒன்றை வாங்கி, பெட்டியைக் காரின் முன்மூடி மேல் திறந்து வைத்து, நின்றபடியே முக்கால்வாசியைத் தின்றுவிட்டு, மீதியை அம்மாவுக்கு என்று கொண்டுவந்தார். அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.