பிரித்துவிட்ட ஒரு தையல்

2025 அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளி முடிந்து ஆறு நாள் ஆகிறது. அன்று காலை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை கேட்டுவிட்டார்: “என்னம்மா, மறுபடியும் உடம்பு போட்டிருச்சா?” அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அந்த ஒரு வரி ஆறு நாளாக என் கூடவே வருகிறது.

இன்று குளியலறையில் கழுவுதொட்டிக்கு அடியில் தள்ளி வைத்திருந்த எடைக்கருவியை வெளியே எடுத்தேன். பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தேன். கடைசியாக அதில் ஏறியது ஏப்ரல் மாதம். பேட்டரி தீர்ந்திருந்தது. கீழே கடைக்குப் போய் வாங்கி வந்து போட்டேன். 79.2 கிலோ.

2023 தைப்பூசத்தின்போது நான் 104 கிலோ. இந்த ஆண்டு ஜனவரியில் 70. முப்பத்து நான்கு கிலோ குறைய ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. அதில் ஒன்பது கிலோ திரும்பி வந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் இந்த நோட்டை எடுத்தேன். இனி எண்ணை மறைத்து வைக்கப் போவதில்லை. என்னைப் போலவே துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

நவம்பர் 1, சனி

எப்படி ஏறியது என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய விருந்து எதுவும் காரணமில்லை. மார்ச்சில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, அப்புறம் வீட்டில் படுக்கை. பகலில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலை, இரவில் அம்மா பக்கத்தில் காவல். தூக்கம் இரண்டு இரண்டு மணி நேரமாகத்தான் கிடைத்தது. காலை நடை முதலில் போனது. அடுத்து சமையல் போனது. மாமாக் உணவுக் கடையிலிருந்து தாப்பாவ் செய்த (பொட்டலம் கட்டி வாங்கிய) மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ், நள்ளிரவில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக். அம்மா தட்டில் மீதம் வைத்த சோற்றை வீணாக்க மனமில்லாமல் நானே சாப்பிட்டேன்.

அந்த நாலு மாதத்தில் அம்மா எழுந்து நடந்தார். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவர் நடக்க ஆரம்பித்த பிறகும் நான் பழைய வழக்கத்துக்குத் திரும்பாததுதான் மனதை அரிக்கிறது. எடை பார்க்கப் பயம். பார்க்காததால் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஏறியதால் இன்னும் பயம்.

நவம்பர் 5, புதன்

அரசாங்க கிளினிக். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டு நம்பருக்குக் காத்திருந்தபோது கை வேர்த்தது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். டயட்டீசியன் இளம்பெண். பழைய குறிப்புகளைப் புரட்டிவிட்டு மலாயில் கேட்ட முதல் கேள்வி, “இன்னும் இருபத்தைந்து கிலோ குறைவாகத்தானே இருக்கிறீர்கள்?” என்பது. அந்தக் கணக்கை நான் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. ஒன்பதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.2 சதவீதம். 104 கிலோவில் 8.1 இருந்தது, 70-இல் 5.8. கூடியிருக்கிறது, ஆனால் பழைய இடத்துக்கு அருகில்கூடப் போகவில்லை. ரத்த அழுத்த மாத்திரை அதே பாதி அளவுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

குறைத்த எடை ஏன் திரும்பி வருகிறது என்று தேடி இரவு முழுக்கப் படித்தேன். எனக்குத் தேவைப்பட்டது இதுதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஆறு வருடம் கழித்துச் சோதித்தது. முடிவு 2016-இல் வெளியானது. முப்பது வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், ஆறு வருடத்தில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, அவர்கள் உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி, அந்த அளவு உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. கிட்டத்தட்ட ஒன்றரை ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி). பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே எடைக்காரர் சாப்பிடுவதையே அவர்களும் சாப்பிட்டால் அவர்களுக்கு மட்டும் ஏறும்.

பசியும் அப்படித்தான். கொழுப்பு குறைந்தால் ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த மாற்றங்கள் பழைய நிலைக்கு வரவில்லை என்று மெல்பர்னில் செய்த ஆய்வு ஒன்று 2011-இல் காட்டியது. என் உடம்பு என் மேல் கோபமாக இல்லை. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறது. ‘வாயைக் கட்டத் தெரியாதவள்’ என்று எட்டு மாதமாக என்னை நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதை இன்றோடு நிறுத்துகிறேன்.

இன்னொன்று. பெரிய அளவில் எடை குறைத்துத் தக்கவைத்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1994-இலிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். அவர்களில் நாலில் மூன்று பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறவர்கள். துண்டை எடுத்தாயிற்று. இனி ஞாயிறுதோறும்.

நவம்பர் 16, ஞாயிறு

78.9. ஏழு மாதத்துக்குப் பிறகு தண்ணீர்மலைப் பூங்காவுக்கு நடக்கப் போனேன். 1884-இல் தொடங்கிய தோட்டம். மழை மரங்களின் நிழலில் வெயில் தெரியாது. முன்பு தினமும் பார்க்கிற சீனப் பாட்டி கையைத் தூக்கிக் காட்டினார். “லாமா தா நம்பா!” ரொம்ப நாளாகக் காணோமே என்றார். உடம்பைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இரண்டு சுற்று போதும் என்று வந்தவள் மூன்று சுற்று நடந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

79.0. மழை. நடை இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

நாளையிலிருந்து தைப்பூச விரதம், 48 நாள். இந்த ஆண்டும் பால்குடம் எடுக்கிறேன். விரதத்தை எடை குறைப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். சைவம் என்றால் சோறும் உருளைக்கிழங்கும் அப்பளமும் என்று ஆகிவிடும். அதனால் தெம்பே (புளிக்கவைத்த சோயா), தாவ்ஹு (சோயாக் கட்டி), பயறு வாங்கி வைத்தேன். கிளினிக்கில் சொல்லித் தந்த ‘சூக்கு-சூக்கு-செபாரோ’தான்: கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு அல்லது தெம்பே, பாதித் தட்டு காய்கறியும் பழமும்.

மாலை மஞ்சள் ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். கொக்கி சேரவில்லை. லிட்டில் இந்தியாவில் தையல்கார அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. அவர் கேள்வி எதுவும் கேட்காமல் ரவிக்கையை உள்பக்கமாகத் திருப்பி விளக்குக்குக் கீழே பிடித்தார். பக்கத் தையலில் ஒன்றன் உள்ளே ஒன்றாக மூன்று கோடுகள். 2023-லும் 2024-லும் நான் இளைக்க இளைக்க அவர்தான் பிடித்துத் தைத்தார்.

“துணிய வெட்டவே இல்ல தங்கச்சி, உள்ளயே விட்டு வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, ஊசி முனையால் கடைசிக் கோட்டை மட்டும் ஒவ்வொரு கண்ணியாகத் தூக்கிப் பிரித்தார். மஞ்சள் நூல் சுருண்டு மேசையில் விழுந்தது. துணியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. தண்ணீர் தெளித்து நகத்தால் நீவிவிட்டார், பாதி மறைந்தன. மற்ற இரண்டு தையலும் அப்படியே இருக்கின்றன. அங்கேயே போட்டுப் பார்த்தேன். கொக்கி சேர்ந்தது. ஐந்து வெள்ளி.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அந்த ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 27, சனி

மோசமான நாள். அம்மாவுக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு. ஜெலுத்தோங் சாலையோரத்தில் காரை நிறுத்தி, மழை ஓய்வதற்குள் ஒரு பொட்டலம் பீசாங் கோரேங்கை (வாழைப்பழப் பஜ்ஜி) தனியாகத் தின்று தீர்த்தேன். ஆறு துண்டு. மூன்றாவதுக்கு மேல் ருசிகூடத் தெரியவில்லை.

முன்பாக இருந்தால் ‘இன்றைக்குக் கெட்டது கெட்டதுதான், திங்கட்கிழமை பார்க்கலாம்’ என்று இரவும் சேர்த்துச் சாப்பிட்டிருப்பேன். எனக்கு எடை ஏறியது அந்தத் திங்கட்கிழமைகளுக்காகக் காத்திருந்த நாட்களில்தான். இன்று வழக்கம்போல ரசம், கீரை, கொஞ்சம் சோறு. கணவரிடம் சொல்லிவிட்டேன். “சரி, சாப்ட்ட. நாளைக்கு நானும் நடக்க வரேன்” என்றார்.

2026 ஜனவரி 11, ஞாயிறு

77.8. வாரம் இரண்டு நாள் பளு தூக்குகிறேன்: ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டு. முதல் தடவை நடையை மட்டும் நம்பினேன். கொழுப்போடு தசையும் கரைந்ததை யாரும் சொல்லித் தரவில்லை.

அலுவலகத் தோழி ஒருவர் வாராந்திர ஊசி போட்டுப் பதினாறு கிலோ குறைத்தார். நிறுத்தியதும் ஏறுகிறது என்று இன்று அழைத்து அழுதார். அப்படிப்பட்ட ஊசி மருந்தான செமாக்ளுடைடை நிறுத்தியவர்கள், குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருடத்தில் திரும்பப் பெற்றதாக ஆய்வில் வந்திருக்கிறது, அதைச் சொன்னேன். உன் குற்றமில்லை, மருந்தை எப்படித் தொடர்வது என்று டாக்டரிடம் கேள், எடைக்கருவியை மட்டும் மூடி வைக்காதே என்றேன்.

ஜனவரி 25, ஞாயிறு

77.5. 70-க்குத் திரும்புவேனா என்று கணவர் கேட்டார். இந்த வருடம் 77-ஐ விடாமல் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போது தோற்றுப்போன மாதிரி இல்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

விடியற்காலை நாலரைக்குப் பால்குடம் தலையில் ஏறியது. மலைக்கோயிலுக்கு 513 படிகள். 2023-இல் அறுபது படிகூட ஏறாமல் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். போன ஆண்டு நிற்காமல் ஏறினேன். இந்த ஆண்டு இரண்டு இடத்தில் நின்றேன். இரண்டாவது தடவை நின்றபோது மூச்சு காதில் கேட்டது. பின்னால் வந்த பையன், “மெதுவா போங்கக்கா, அவசரமில்ல” என்று குடத்தைத் தாங்கிப் பிடித்தான். வேல் வேல் என்று மேலே இருந்து சத்தம் வந்தது. மறுபடி ஏறினேன். பால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

கீழே இறங்கியபோது தண்ணீர்ப் பந்தலில் அம்மா என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஏறிட்டியா?”

“ஏறிட்டேன்மா. ரெண்டு எடத்துல நின்னேன்.”

“நின்னா என்ன. இந்தா, மோர் குடி. வேர்த்து ஊத்துது பாரு.”

நடுங்குகிற கையால் டம்ளரை நீட்டினார். உட்கார்ந்து முழுக்கக் குடித்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.