முதுகு காட்டும் ஊரின் மெட்டல் இசை

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்கு ஜனவரிக் குளிரில் போவதற்கு எனக்கு இருந்த ஒரே காரணம் ‘ஸீல் அண்ட் ஆர்டர்’ என்ற இசைக்குழு. அந்தக் குழுவின் மூளையான மனுவேல் கான்யூ இந்த ஊரில் பிறந்தவர். தந்தை சுவிஸ்காரர், தாய் ஆப்பிரிக்க அமெரிக்கர். 2024 ஆகஸ்டில் வெளிவந்த ‘கிரைஃப்’ என்ற இசைத்தொகுப்பின் பெயர் பாசலின் ‘ஃபோகல் கிரிஃப்’ திருவிழாவிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட ‘கிரிஃப்’ என்ற அந்தக் கற்பனை விலங்கை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

குழு பிறந்த கதையே விசித்திரமானது. நியூயார்க்கில் வசித்த காலத்தில், இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் இரண்டு இசை வகைகளைச் சொல்லச் சொல்லி, அவற்றைச் சேர்த்துப் பாட்டாக்கும் விளையாட்டு ஒன்றைக் கான்யூ நடத்திவந்தார். ஒருவர், சாத்தானையும் கிறிஸ்தவ எதிர்ப்பையும் அலறலோடு பாடும் பிளாக் மெட்டல் வகையைச் சொன்னார். இன்னொருவர் கறுப்பினத்தவரின் இசையை ஓர் இழிசொல்லால் குறிப்பிட்டார். கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அவரோ இரண்டையும் உண்மையிலேயே சேர்த்துப் பார்த்தார். அமெரிக்க அடிமைகள் தம்மேல் சுமத்தப்பட்ட கிறிஸ்தவத்துக்குப் பதிலாகச் சாத்தானைத் தேர்ந்தெடுத்திருந்தால் எப்படிப் பாடியிருப்பார்கள் என்ற கேள்வி அதிலிருந்து முளைத்தது. 1990களின் தொடக்கத்தில் தேவாலயங்களுக்குத் தீ வைத்த நார்வே பிளாக் மெட்டல் இளைஞர்கள், தம் முன்னோர்மேல் அந்நிய மதம் திணிக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அதே குறையைச் சொல்ல அவர்களைவிடப் பன்மடங்கு உரிமை உள்ளவர்கள் தோட்ட அடிமைகள் என்பதுதான் இந்தக் குழுவின் உள்ளிருக்கும் வாதம்.

‘டெவில் இஸ் ஃபைன்’ தொகுப்பின் அட்டையில் இருப்பவர் ராபர்ட் ஸ்மால்ஸ். 1862இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் கப்பலையே ஓட்டிக்கொண்டு விடுதலைக்குத் தப்பிய அடிமை அவர். அவருடைய படத்தின் மேல் லூசிஃபர் என்ற சாத்தானின் முத்திரை பதிந்திருக்கிறது. சங்கிலி ஓசைக்கு இசைவாக எழும் கோரஸ் பாட்டைக் கேட்டால் பழைய சிறைக்கூடப் பதிவோ என்று ஐயம் வரும். ஆனால் அதை எழுதியவரும் பாடியவரும் கான்யூதான். 2020இல் வந்த ‘வேக் ஆஃப் எ நேஷன்’ குறுந்தொகுப்பில் இந்தக் கற்பனை முகமூடி முழுவதுமாகக் கழன்றுவிடுகிறது. ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்ட ஆண்டில் வந்த அதன் அட்டையில் தலைகீழ்ச் சிலுவை ஒன்று இருக்கிறது. அது காவலர் தடிகளால் ஆனது. 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலேயே நோயின் போக்கை வேடிக்கை பார்த்த அரசு ஆய்வைப் பற்றியும் அதில் ஒரு பாட்டு உண்டு. சாத்தான் என்று வெறுமனே கத்தும் குழுக்கள் எனக்கு அலுத்துப்போய் வெகு காலமாயிற்று. யாருடைய கடவுள், யாருடைய கையில் ஆயுதமானார் என்று கேட்பதால்தான் இவர்களை விடாமல் கேட்கிறேன்.

திருவிழா ஆண்டுதோறும் ஜனவரி 13, 20, 27 ஆகிய நாட்களில் ஒன்றில் முறை வைத்து நடக்கிறது. ரைன் ஆற்றின் ஒரு கரை குரோஸ்பாசல். பேராலயமும் செல்வமும் அதிகாரமும் அந்தப் பக்கம். எதிர்க்கரை கிளைன்பாசல், உழைப்பவர்களின் பக்கம். முற்பகலில், இரண்டு படகுகளைப் பிணைத்த தெப்பம் ஒன்று பீரங்கி முழங்க ஆற்றோடு மிதந்து வந்தது. அதில் ‘வில்ட் மா’ என்னும் காட்டு மனிதன், வேரோடு பிடுங்கிய ஊசியிலை மரத்தைக் கையில் ஏந்தி, முரசுக்கு ஏற்பக் குதித்து ஆடினான். முகம் கிளைன்பாசலை நோக்கியே இருந்தது. பணக்காரக் கரைக்கு முதுகுதான். மரத்தின் நுனியை ஆற்றில் தோய்த்து அவன் உதறியபோது கரையில் நின்றவர்கள் கூச்சலிட்டுச் சிதறினார்கள். இடுப்பில் சுற்றிய ஐவிக்கொடி மாலையில் ஆப்பிள்கள் தொங்கின. பிறகு தெருவில் அவற்றைப் பறிக்கக் குழந்தைகள் பாய்வதும், அவன் மரத்தைச் சுழற்றி விரட்டுவதுமாக நெடுநேரம் போயிற்று. சிங்க வேடக்காரரும் கிரிஃப் வேடக்காரரும் சேர்ந்துகொள்ள, நண்பகலில் மூவரும் நடுப்பாலத்துச் சிறு ஆலயத்தருகே ஆடினார்கள். ஒரு காலத்தில் தண்டனை பெற்றவர்களை ஆற்றில் தள்ளிய இடம் அது.

இது ஆதியில் படைக்கல அணிவகுப்பிலிருந்து வந்த வழக்கம், முதுகு காட்டும் கதை பின்னால் ஒட்டிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும், மக்கள் விரும்பி ஏற்றிக்கொண்ட பொருளைத்தான் கான்யூவும் எடுத்துக்கொண்டிருக்கிறார். குரோஸ்பாசல்காரர்களும் சும்மா இருந்ததில்லை: அங்கே ஒரு மன்னரின் தலைச் சிற்பம் கிளைன்பாசலைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது.

மாலையில் செம்மணற்கல்லால் ஆன பேராலயத்துக்குப் போனேன். 1529இல் இந்த ஊர் மக்களே உள்ளே புகுந்து சிலைகளை உடைத்து எரித்திருக்கிறார்கள். மதத்தின் பெயராலேயே நடந்த அந்த உடைப்புக்கு முன்னால் எந்த மெட்டல் குழுவின் மேடைக் கூத்தும் சாதாரணம்தான். வாசலருகே, பேதைப் பெண்ணை மயக்கும் இளவரசனாகச் சாத்தான் புன்னகையோடு நிற்கிறான். முன்னழகு குறைவற்றது, பின்னால் போய்ப் பார்த்தால் முதுகெங்கும் பாம்பும் தேரையும் ஊர்கின்றன.

‘கிரைஃப்’ தொகுப்பை அந்தச் சதுக்கத்தில் நின்றபடி இன்னொரு முறை கேட்டேன். முழுக் குழுவும் சேர்ந்து ஒலிப்பதிவு செய்த முதல் தொகுப்பு அது. முந்தையவற்றின் கொதிப்பு இதில் தணிந்திருக்கிறது, மென்மையான பாட்டுகள் பெருகிவிட்டன என்பதை மறுக்க மாட்டேன். அதனால் ‘வேக் ஆஃப் எ நேஷன்’ கேட்டு வந்த எனக்கு, ஆற்றங்கரையின் இந்தச் சிரித்த முகக் கலகம் சற்றுக் குறைவாகவே பட்டது.