பஸ்ஸில் பாதி எண்ணூர், பாதி நம்ம ஊர்

வேலூரில் பழைய பஸ்களுக்கென்று ஒரு மியூசியம் வேண்டும் என்று யாரிடம் பேச்செடுத்தாலும் இரண்டு கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. "கவர்மென்ட்டு செய்யுமா சார்?" என்பது ஒன்று. "பஸ்ஸை எல்லாம் எதுக்கு சார் வெச்சுக்கிட்டு?" என்பது இன்னொன்று. கேட்பவர்கள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள், அதனால் எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்று எதுவும் இல்லை. மகள் மான்செஸ்டரில் படித்தபோது அவளைப் பார்க்கப் போன இடத்தில், சீத்தம் ஹில் பக்கம் பாய்ல் தெருவில் இருக்கும் போக்குவரத்து மியூசியத்துக்குப் போனேன். 1979இல் திறந்தது. பழைய பஸ் டிப்போ ஒன்றின் கட்டடம், அதற்குள் டபுள் டெக்கர்கள் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு மட்டும் சந்து விட்டு நெருக்கி நிறுத்தப்பட்டிருக்கின்றன. வாசலில் டிக்கெட் கொடுப்பவர், உள்ளே டீ போட்டுத் தருபவர், பஸ்ஸுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவர், எல்லோருமே சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். பெரும்பாலும் ரிட்டயர்டு ஆட்கள். ஒரு லேலண்ட் டைட்டன் டபுள் டெக்கர் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றதைப் பார்த்து ஒரு பெரியவர் வந்து எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றேன். அடுத்த வார்த்தை அவர் கேட்டது, "எண்ணூரா?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எண்ணூர் என்ற பெயர் அவர் வாயில் எப்படி வந்தது என்றால், லேலண்ட் என்பது அங்கே இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கும் ஒரு ஊரின் பெயர், அங்கே பஸ், லாரி செய்த கம்பெனிக்கும் அதே பெயர். 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி முதலில் ஆஸ்டின் கார்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தது, அப்புறம் லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு அவர்களுடைய காமெட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. டைகர், பீவர், ஹிப்போ என்று அந்தக் காலத்து வண்டிகளுக்கு இருந்த மிருகப் பெயர்கள்கூட அங்கிருந்து வந்தவைதான். அந்த லேலண்ட் ஊரிலும் லாரி, பஸ்களுக்கு ஒரு மியூசியம் இருக்கிறது, 1983இலிருந்து, பழைய லேலண்ட் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தேன். 1929இல் கட்டப்பட்ட டி31 என்ற ஒற்றைத் தட்டு பஸ்ஸை 1956இல் சில இளைஞர்கள் கூட்டாகக் காசு போட்டு லண்டன் போக்குவரத்து நிறுவனத்திடமிருந்து வாங்கினார்கள். பாதுகாத்து வைப்பதற்காக அந்த நாட்டில் தனியார் வாங்கிய முதல் பஸ் என்று அதைச் சொல்கிறார்கள். இன்று அது புரூக்லேண்ட்ஸில் உள்ள லண்டன் பஸ் மியூசியத்தில் இருக்கிறது, அதை நடத்துவதும் தன்னார்வலர்கள்தான். கட்டடமோ கமிட்டியோ மானியமோ வருவதற்கு முன்னால் ஒரு பஸ் வந்திருக்கிறது. அந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. ஹரியானாவில் தாவுரு என்ற இடத்தில் 2013இல் திறந்த போக்குவரத்து மியூசியம் இருக்கிறது, மும்பையில் டவுன் பஸ் ஓட்டும் பெஸ்ட் நிறுவனம் ஆனிக் டிப்போவில் ஒன்று வைத்திருக்கிறது. கோவையில் 2015இல் திறந்த ஜீடி கார் மியூசியம் அருமையான இடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடம். ஆனால் அது கார்களுக்கானது. ஜி.டி. நாயுடு தொழில் தொடங்கியதே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டிய ஒற்றைப் பஸ்ஸோடுதான் என்பதை நினைத்தால், பஸ்ஸுக்கும் தமிழ்நாட்டில் ஒரு கூரை கட்டாயம் வேண்டும் என்று தோன்றுகிறது.

சரி, இரண்டாவது கேள்வி. எதுக்கு?

கொஞ்சம் வயதானவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். எண்ணூரிலிருந்து ராணிப்பேட்டை, வேலூர் வழியாக பெங்களூர் ரோட்டில் வெறும் சேஸிஸ்கள் வரிசையாகப் போகும். இன்ஜின், ஸ்டியரிங், நான்கு பக்கமும் சக்கரம், அவ்வளவுதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேலே கூரை இல்லாமல், முன்னால் கண்ணாடி இல்லாமல், புழுதியிலும் வெயிலிலும் டிரைவர் ஓட்டிக்கொண்டு போவார். கம்பெனி கொடுப்பது அவ்வளவுதான். நாம் பஸ் என்று எதைப் பார்க்கிறோமோ, அந்தப் பக்கவாட்டுத் தகடு, ஜன்னல், படிக்கட்டு, சீட்டு, கூரை, பின்னால் ஏணி, எல்லாம் பட்டறையில் கட்டியது. பெரிய பட்டறைகள் கரூரில். அது போக ஒவ்வொரு ஊரிலும் பஸ் முதலாளிகள் தங்கள் சொந்த ஷெட்டிலேயே ஆசாரி, டிங்கர், பெயின்டர் வைத்துக் கட்டினார்கள், வேலூரிலும்தான்.

அப்படியானால் ஒரு பழைய பஸ்ஸில் பாதி எண்ணூர், பாதி நம்ம ஊர். எண்ணூர்ப் பாதிக்கு வரைபடம் இருக்கும், பார்ட்ஸ் நம்பர் இருக்கும், மேனுவல் இருக்கும், எங்கேயாவது ஒரு பெட்டியில் அது பத்திரமாக இருக்கும். நம்ம ஊர்ப் பாதிக்கு எதுவுமே இல்லை. அது கட்டியவர்களின் கண்ணிலும் கையிலும் மட்டும் இருந்தது. இப்போது பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ்.052 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது, கதவின் அகலம், அவசர வழி, சீட்டு இடைவெளி எல்லாம் அளவுப்படி வர வேண்டும், பயணிகளின் பாதுகாப்புக்கு அது நல்லது. அதற்கு முந்தைய பஸ்கள் ஊருக்கு ஒரு மாதிரி, பட்டறைக்கு ஒரு மாதிரி. முன் கண்ணாடிக்கு மேலே இருக்கும் நெற்றியைப் பார்த்தே எந்தப் பட்டறை என்று சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள்.

அதில் ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் பாடி கட்டிய ஆசாரி, இப்போது காட்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். ஆற்காடு தாண்டி ஒரு செங்கல் சூளையில் பழைய பஸ் பாடி ஒன்று தரையில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். சேஸிஸ் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது, பாடியை மட்டும் செங்கல் அடுக்கின் மேல் உட்கார வைத்து சிமென்ட் மூட்டை போடும் அறையாகப் பயன்படுத்துகிறார்கள். எண்ணூர்ப் பாதி போய் நம்ம ஊர்ப் பாதி மட்டும் மிஞ்சிய பஸ்.

"இன்னா வாத்யாரே, இதுக்கா இம்மாந்தூரம் இட்டாந்த?" என்று இறங்கும்போது கேட்டவர், கிட்டே போனதும் பேச்சை நிறுத்திவிட்டார். பின் மூலையில் அலுமினியத் தகடு ரிவிட் விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. அதை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே தேக்குத் தூண். அடியில் நேராக வந்து ஜன்னல் மட்டத்துக்கு மேல் உள்பக்கம் சாய்ந்து கூரை வளைவோடு சேர்கிறது, சேரும் இடத்தில் ஒரு கட்டையைக் குடைந்து இன்னொன்றை அதில் இறக்கி, மேலே இரும்புப் பட்டை போட்டு போல்ட்டு முடுக்கியிருந்தார்கள். தூணின் உள்பக்கம் பென்சிலில் கோடும் எண்களும் இன்னும் அழியாமல் இருந்தன, அறுப்பதற்கு முன் போட்ட அளவுக் குறி. வெளியே பெயின்ட் உதிர்ந்த இடத்தில் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஒரு கருஞ்சிவப்பு, முதலாளி மாற மாற மேலே மேலே அடித்தது. கூரையில் பெல் கயிறு ஓடிய வளையங்கள் வரிசையாக அப்படியே இருக்கின்றன. ஜன்னலுக்கு மேலே "கரம் சிரம் புறம் நீட்டாதீர்", அதில் "சிரம்" மட்டும் முழுசாகப் படிக்க முடிகிறது.

அந்த வளைவை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டேன், நான் கணக்கு வாத்தியார், எனக்கு அதுதான் கேட்கத் தோன்றியது. காகிதத்தில் வரையவே மாட்டார்களாம். முதல் பஸ்ஸில் சரியாக வந்த வளைவை ஒரு பிளைவுட் பலகையில் அச்சு எடுத்து ஆணியில் மாட்டி வைப்பார்கள், அடுத்த பஸ்ஸுக்கு அதை வைத்துக் கோடு போடுவார்கள். அந்த அச்சுப் பலகைகள் எங்கே என்று கேட்டேன். ஷெட்டை விற்றபோது அடுப்புக்குப் போய்விட்டன என்றார்.

இதற்குத்தான் மியூசியம் வேண்டும் என்கிறேன். பளபளவென்று பாலீஷ் போட்டு நிறுத்திவைக்க மட்டும் இல்லை. கழற்றிப் பார்க்க, அளவெடுக்க, திரும்பக் கட்டிப் பார்க்க, கட்டத் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே பக்கத்தில் நாலு பிள்ளைகளை நிறுத்திவைக்க. ஓட்டுவதும் அப்படித்தான். பழைய கியர்பாக்ஸில் டபுள் கிளட்ச் போட வேண்டும்: கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, கியர் குறைப்பதாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி இன்ஜின் வேகத்தை ஏற்றி, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். இரண்டு பக்கத்துப் பல்சக்கரமும் ஏறக்குறைய ஒரே வேகத்துக்கு வந்தால்தான் கடகடவென்று அரைக்காமல் உள்ளே விழும், அந்த வேகம் வந்துவிட்டதா என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை எழுதிப் படிக்க முடியும், ஆனால் வண்டி இல்லாமல் கற்றுக்கொள்ள முடியாது.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷத்துக்கு மேல் ஆகி, மூலவடிவம் மாறாமல் இருந்தால் தனிப் பதிவு, நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நல்ல விஷயம், ஆனால் அது இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டும்தான். பஸ் அதில் வரவே இல்லை. இன்னொரு பக்கம் 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, உடைத்துவிட வேண்டும் என்று விதி, போக்குவரத்துக் கழக பஸ்களும் அதில் அடக்கம். புகை கக்கும் வண்டி ரோட்டில் ஓட வேண்டாம், சரிதான். ஆனால் ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை உடைக்காமல் மியூசியத்துக்குக் கொடுக்க அந்த விதியில் ஒரு வரி இருந்திருக்கலாம். காரை வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர், பஸ்ஸில் போனவர்கள் எல்லோரும். பாகாயம் காட்பாடி 1, 2ஆம் நம்பரில் சி.எம்.சி.க்கு வந்த நோயாளி, பாலாற்றுப் பாலம் தாண்டிப் படிக்க வந்த பிள்ளை, ஆம்பூர், பேரணாம்பட்டிலிருந்து தோல் ஷாப்புக்குப் போன ஆட்கள், எல்லோரும் உட்கார்ந்த சீட்டு அது. வேலூரில் தலைமையகம் வைத்து ஓடிய பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் 1997இல் மற்ற கழகப் பெயர்களோடு சேர்த்து எடுக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பஸ் ஒன்றைக்கூட அதற்கப்புறம் எங்கும் நிறுத்திவைத்து நான் பார்த்ததில்லை. கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகத்தில் நடுகல் இருக்கிறது, அதை வைத்துக் காப்பாற்றுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதே மரியாதை இந்தத் தேக்குத் தூணுக்கும் கிடைக்க வேண்டும்.

ரோட்டில் ஓட்ட முடியாது என்பதால் கெட்டுப்போவது ஒன்றும் இல்லை. காம்பவுண்டுக்குள் ஓட்டலாம். வேண்டியது முதலில் கூரை, பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு பஸ்ஸும் சுற்றிலும் ஆள் நின்று வேலை செய்ய இடமும். இங்கிலாந்தில் அவர்களுக்கு ஈரமும் துருவும்தான் பெரிய தொல்லை. நமக்கு அதோடு கரையான். மரச்சட்டம் மண்ணைத் தொடவே கூடாது, சிமென்ட் தரையும் கல் முட்டும் வேண்டும். வெயில் நேரே விழுந்தால் ரெக்ஸின் வெடித்துப் போகும். முழு வண்டி கிடைத்தால் டயரில் பாரம் இல்லாமல் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும், மாதத்துக்கு ஒரு தடவையாவது இன்ஜினைப் போட்டுச் சூடாக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை, ரிட்டயர்டு டிப்போ மெக்கானிக்குகள் சத்துவாச்சாரியிலும் தோட்டப்பாளையத்திலும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பேசிய எல்லோரும் வருகிறேன் என்கிறார்கள்.

சூளைக்காரர் அந்தப் பாடியைக் காசில்லாமலே தருகிறேன் என்கிறார், மழைக்காலத்துக்கு முன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இடம்தான் இன்னும் அமையவில்லை. வாலாஜா, ஆற்காடு, காட்பாடி சுற்றுவட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் ரைஸ் மில், பழைய தோல் மண்டி, எதுவானாலும் சரி, கொஞ்ச வருஷத்துக்கு விட்டுக்கொடுக்க மனமுள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் பழைய பஸ் டிக்கெட் கட்டு, டிரிப் ஷீட், டைம் டேபிள், அப்பா கண்டக்டராக இருந்தபோது எடுத்த போட்டோ, எது இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். போட்டோவில் பஸ் முகம் தெரிந்தால் நம்ம ஆசாரிப் பெரியவர் எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவார்.

இடம் கிடைக்கிறதோ இல்லையோ, அளவெடுக்கும் வேலையைத் தள்ளிப்போட மனமில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை டேப்பும் பிளைவுட்டும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சப் பேரோடு சூளைக்குப் போகிறோம். பின் மூலைத் தூணிலிருந்து அச்சு எடுக்கத் தொடங்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார், மழைத்தண்ணி இறங்கி முதலில் உளுத்துப் போவது அந்த இடம்தானாம்.