யார் தூங்க வைத்தது?

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வரும் மூத்த உதவியாளர் ஒருவர் எங்கள் ஆய்வகத்தில் இருந்தார். அவர் மனைவிக்கு இடுப்பில் அக்கி கண்டு, குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதியிருந்தார்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. போய் வந்தவர் கேட்டார்: “சின்ன வயதில் வந்த அம்மைதான் இது என்கிறார் டாக்டர். இத்தனை வருடம் எங்கே இருந்தது தம்பி?”

“நரம்பு முடிச்சுகளில் தூங்கிக்கொண்டிருந்தது அண்ணே.”

“யார் தூங்க வைத்தது?”

நான் பார்த்த வேலையே அந்தக் கேள்விதான். இந்தச் சின்னம்மை வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து வைரஸ்களின் மரபணுத் தொகுதியில், ஏ, டி, ஜி, சி என்ற நான்கு டிஎன்ஏ எழுத்துகளால் ஆன சில தொடர்கள் அடுக்கடுக்காகத் திரும்ப வரும். அவற்றைச் சக்கை என்று தள்ளுபவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. உதட்டுப் புண் தரும் வைரஸின் ஏறக்குறைய 1,52,000 எழுத்துகளுக்குள் ‘சிடிசிசிசி’ என்ற தொடர் கொத்தாக வரும் இடங்களில், நம் செல்லின் சொந்தப் புரதமான சிடிசிஎஃப் வந்து பிடித்துக்கொள்கிறது. வைரஸ் உறங்கும்போதும் வேலை செய்யும் மரபணுப் பகுதிக்கும் அடங்கிக் கிடக்கும் பகுதிக்கும் நடுவே வரப்புப் போல நிற்கிறது. வைரஸ் விழிக்கத் தொடங்கும்போது இந்தப் பிடி தளர்வதை எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

புரதம் டிஎன்ஏவைப் பிடிக்கிறதா என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியும்படி குறியிட்ட டிஎன்ஏ துண்டைச் செல் கருவின் சாற்றோடு கலந்து, ஜெல் என்ற கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டுவோம். தனித்த துண்டு அடிவரை ஓடிவிடும். புரதம் பற்றிய துண்டு மேலேயே தங்கிவிடும். மேலே ஒரு பட்டை தெரிந்ததும் மனம் துள்ளும். ஆனால் கருச்சாற்றில் எந்த டிஎன்ஏ கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் ஏராளம். அதனால் குறியிடாத அதே துண்டை நூறு மடங்கு சேர்ப்போம். புரதம் அவற்றிடமே போய்விடுவதால் பட்டை மறைய வேண்டும். எழுத்து மாற்றிய துண்டை அதே அளவு சேர்ப்போம். பட்டை அசையாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஜெல் படத்தை நான் நம்புவதில்லை, யார் காட்டினாலும்.

திரும்ப வரும் தொடர்களைக் கையாள்வதும் எளிதல்ல. பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கினால் நடுவிலிருந்து சில அடுக்குகள் கழன்று, துண்டு குறுகிவிடும். வெப்பத்தைக் குறைத்து, 30 டிகிரியில் நிதானமாக வளர்த்து, ஒவ்வொரு முறையும் நீளத்தைச் சரிபார்ப்போம்.

இதே குடும்பத்தின் ஆறாம் எண் வைரஸ் இன்னும் வியப்பானது. அதன் நுனிகளில் ‘டிடிஏஜிஜிஜி’ என்ற ஆறெழுத்து வரிசையாக வருகிறது. நம் குரோமோசோம் நுனியில் இருப்பதும் அதே ஆறெழுத்து. நுனிகளைக் காக்கும் நம் டிஆர்எஃப்2 புரதம் வைரஸின் நுனியிலும் போய் உட்காருகிறது. சிலருக்கு இந்த வைரஸ் குரோமோசோம் நுனியிலேயே இணைந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறது. மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் அப்படி.

ஜெல்லில் பிடித்தது நரம்புச் செல்லுக்குள்ளும் பிடிக்கிறதா என்பது தனி வேலை. அங்கே புரதத்தோடு சேர்த்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்துப் படித்தால், கிடைக்கும் குறுந்துண்டு எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. எல்லா அடுக்கும் ஒரே எழுத்து. அடுக்கு முழுவதையும் ஒரே நீளமாகப் படிக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றைக் கொண்டு இந்தப் பகுதிகளை மறுபடி படிக்க வேண்டும் என்பதே இப்போது என் ஆசை.